வெர்லீன் எழுதின சீட்டு

வெர்லீன் ஹாவர்காம்ப்போட புருஷன் செத்தப்போ ஊர் பேப்பர்ல "கணவரைப் பறிகொடுத்தார்"னு போட்டுட்டாங்க. அடக்கம் முடிஞ்ச மறுநாளே அதே கறுப்பு கவுனோட பேப்பர் ஆபீசுக்குப் போய் நின்னா.

"பறிகொடுக்கறதுன்னா எவனாவது பறிச்சிருக்கணும். என்கிட்டேர்ந்து யாரும் எதையும் பறிக்கல. பன்னிக் கொட்டகையில மாரடைச்சு விழுந்தார், செத்துட்டார். செத்துட்டார்னு போடுங்க."

அடுத்த வாரம் போட்டாங்க. போடாம இருக்க முடியுமா, அவ அங்கேர்ந்து நகந்தாத்தானே.

அயோவாவுல எங்க கவுண்டிக்காரங்க எல்லாருக்கும் வெர்லீன்கிட்ட ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கிட்ட கதை இருக்கும். முப்பது வருஷம் ஷெரிஃப் ஆபீஸ்ல புகார் டைப் அடிச்சவ. எங்க வீட்டுக்காரர் மெர்ல் ஒரு ஞாயித்துக்கெழமை சர்ச்சுலேர்ந்து வந்து பாத்தா, கொட்டகையில இருந்த வெல்டிங் மெஷினக் காணோம். மறுநாள் அடிச்சுப் புடிச்சு ஓடினார். "என்னை ராபரி பண்ணிட்டாங்க!"ன்னு கத்தினாராம்.

"கத்தியக் காட்டினானா?"ன்னு கேட்டிருக்கா வெர்லீன்.

"நான் அங்க இல்லவே இல்ல. சர்ச்சுல இருந்தேன்."

"அப்ப உன்னை யாரும் ஒண்ணும் பண்ணல மெர்ல். உன் கொட்டகையத்தான் பண்ணியிருக்கான். ஆள்மேல கை வச்சு, இல்ல மிரட்டிப் புடுங்கினாத்தான் ராபரி. பூட்டியிருக்கற எடத்துல புகுந்தா பர்க்ளரி. கொட்டகை பூட்டியிருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப அதையும் யோசிச்சுத்தான் அடிக்கணும். உக்காரு."

மெர்ல் வீட்டுக்கு வந்து, மெஷின் போனதவிட இதுக்குத்தான் ஜாஸ்தி கோவப்பட்டார்.

இன்னொரு கேள்வி அவகிட்ட உண்டு. யார் வந்து என்ன சொன்னாலும், டைப் அடிக்கறத நிறுத்திட்டு கண்ணாடிக்கு மேல பாப்பா. "பாத்தியா, நெனச்சியா?" ரெண்டே வார்த்தை. பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போயிடுவாங்க. புருஷன்மேல சந்தேகப்பட்டு வந்த எந்தப் பொண்டாட்டிக்கும் கேக்கப் புடிக்கற கேள்வி இல்ல அது.

வேலையிலேர்ந்து ரிட்டயர் ஆனாலும் அவளுக்கு இன்னொரு ராஜ்யம் இருந்துச்சு. கவுண்டி பொருட்காட்சியில பழப் பாட்டில் மேசை. இருபத்தாறு வருஷமா அதுக்கு அவதான் பொறுப்பு. ஆகஸ்ட்ல பொருட்காட்சி வாரம், செவ்வாய்க்கெழமை நாங்க வரிசையா பாட்டிலத் தூக்கிக்கிட்டு நிப்போம். அவ ஒவ்வொண்ணையா ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, சாய்ச்சு, நிமித்திப் பாப்பா. பழத்த நசுக்கிப் போட்டிருந்தா ஜாம். சாறை மட்டும் வடிச்சுச் செஞ்சிருந்தா ஜெல்லி. பழம் முழுசாவோ துண்டாவோ பாகுல நின்னா ப்ரிசர்வ்ஸ். மூணுக்கும் மூணு தட்டு. தட்டு மாறி வந்தா மரியாதையெல்லாம் பாக்க மாட்டா.

"எங்க வீட்ல இத ஜாம்னுதான் சொல்லுவோம்"னு நான் ஒரு வருஷம் சொல்லிப் பாத்தேன்.

"உங்க வீட்ல சொல்லிக்கோ ஆர்டிஸ். இது என் மேசை."

மறுநாள் புதன்கெழமை பக்கத்துக் கவுண்டியிலேர்ந்து ஒரு அம்மா வந்து எல்லாத்தையும் தொறந்து ருசி பாத்து தீர்ப்பு சொல்லிட்டுப் போயிடுவாங்க. முதல் பரிசுக்கு நீல ரிப்பன். வியாழக்கெழமையிலேர்ந்து ஊரே வந்து பாக்கும். சனிக்கெழமை அவங்கவங்க பாட்டில எடுத்துட்டுப் போகணும்.

அந்த ஒரு வாரம் எங்க ஊர்ல ஒருத்தர ஒருத்தர் நம்ப மாட்டோம். யார் யாரோட செய்முறையச் சுட்டா, யார் மாமியார் செஞ்சத தன்னுதுன்னு கொண்டு வந்தா, இதே பேச்சுதான். சர்ச்சுல பக்கத்துல உக்காந்து ஒரே புஸ்தகத்துல பாடறவங்ககூட வாசல்ல வந்ததும் "அவ சர்க்கரைய எங்க வாங்கறா?"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. நானும் அதுல ஒருத்திதான். நல்லவ வேஷம் போட எனக்கு வராது.

நான் சொல்றது எழுபத்தெட்டாம் வருஷம். அதுக்கு முன்னாடி நாலு வருஷமா ஜெல்லிக்கு நீல ரிப்பன் எனக்குத்தான்.

அந்த ஜூலையில மிசௌரியிலேர்ந்து ஒரு குடும்பம் வந்துச்சு. எமெட் ப்ரூயிட், அவன் பொண்டாட்டி கோராலீ. அவனுக்கு தீவன ஆலையில கிடங்கு வேலை. ஒண்ணரை மாசம் பாத்துட்டு, ஆள் நம்பிக்கையானவன்னு தெரிஞ்சா கிடங்குச் சாவியக் குடுத்து நிரந்தரமாக்குவாங்க. இல்லன்னா மூட்டையக் கட்ட வேண்டியதுதான். தண்டவாளத்துக்குப் பக்கத்துல சாமானோட ஒரு வாடகை வீடு புடிச்சிருந்தாங்க.

ஆகஸ்ட் ஆரம்பத்துல நான் பொருட்காட்சி விதிப் புஸ்தகத்தக் கொண்டு போய்க் குடுத்தேன். புதுசா வந்தவங்களுக்குக் குடுக்கற சாக்குல வீட்டுக்குள்ள ஒரு பார்வை பாத்துட்டு வர்றது எங்க ஊர்ல எல்லாரும் செய்யறதுதான். நானும் பாத்தேன். அடுப்புமேல பெரிய பானை இல்ல. ஆணியில வடிகட்டற துணிப்பை இல்ல. மேடைமேல கடை ஜெல்லி பாட்டில் ஆறு, காலியா, லேபிள் பாதி உரிஞ்சு நின்னுச்சு. நான் பின்பக்கம் எட்டிப் பாத்ததும் கோராலீ காலாலயே பின்கதவைத் தள்ளிச் சாத்தினா.

"காபி குடிக்கறீங்களா மேடம்?"ன்னா. மிசௌரிக்காரங்க எல்லாரையும் மேடம்னுதான் கூப்புடுவாங்க.

"வேணாம்மா, வேலை கெடக்கு"ன்னு வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் அந்தக் கதவுதான் என் மண்டைக்குள்ள.

செவ்வாய்க்கெழமை வரிசையில எனக்கு முன்னாடி நின்னா. சின்னப் புளிப்பு ஆப்பிள்ல செஞ்ச ஜெல்லி, ஒரே ஒரு பாட்டில். வெர்லீன் அத வெளிச்சத்துல புடிச்சா. அதுக்குப் பின்னாடி சுவத்துல ஒட்டியிருந்த டிராக்டர் ஓட்டப் பந்தய அறிவிப்ப நான் எழுத்து எழுத்தாப் படிச்சேன். ஒரு துளி கலங்கல் இல்ல.

வெர்லீன் சாய்ச்சா, நிமித்தினா, மறுபடி சாய்ச்சா. "எவ்வளவு நேரம் சொட்ட விட்டே?"

"தானா நிக்கற வரைக்கும் மேடம். கலங்கிடும்னு பிழியல."

"எந்தப் பையில?"

கோராலீ திரும்பி எங்களப் பாத்தா. வரிசையில ஒம்போது பேர் இருந்தோம். எல்லாரும் காதத் தீட்டிக்கிட்டு நிக்கறோம்.

"பை இல்ல மேடம்."

"பை இல்லாம எதுல வடிச்சே?"

"வீட்ல இருந்ததுல."

எனக்குப் பின்னாடி லவான் இருந்தா. தீவன ஆலை மேஸ்திரியோட பொண்டாட்டி, எமெட்டுக்குச் சாவி குடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்றவரோட பொண்டாட்டி. என் முதுகுல முழங்கையால இடிச்சா. "வீட்ல இருந்ததுலயாம்! எங்க வீட்லயும்தான் கடை பாட்டில் இருக்கு"ன்னு காதுல சொன்னா.

கோராலீ போனதும் வெர்லீன் என்னக் கூப்பிட்டா. "ஆர்டிஸ், நீதானே அவ வீட்டுக்குப் போனே?"

சொன்னேன். பானை இல்ல, பை இல்ல, ஆறு கடை பாட்டில், கதவு. ஒண்ணுவிடாம.

கண்ணாடிக்கு மேல பாத்தா. "பாத்தியா, நெனச்சியா?"

"பாத்தேன். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல. அதுதான் இதுல கேவலம்.

காலையில ஏழு மணிலேர்ந்து வெர்லீன் அங்க உக்காந்திருந்தா. தகரக் கூரை, வெயில், மின்விசிறி சுத்தினா சூடான காத்துதான் வருது, வரிசை வாசல் தாண்டி நிக்குது. இதெல்லாம் சாக்குன்னு அவளே பின்னாடி சொல்லிட்டா, நான் சொல்லக் கூடாது. பாட்டிலோட கட்டியிருக்கற சீட்டுல "குறிப்பு"ன்னு ஒரு கோடு உண்டு. அதுல "கடையில் வாங்கியது"ன்னு எழுதினா. கையெழுத்துப் போட்டா. பாட்டிலத் தனியா ஓரத்துல வச்சா. ருசி பாக்க வந்த அம்மா அதத் தொடவே இல்ல.

ஜெல்லிக்கு நீல ரிப்பன் எனக்கு. அஞ்சாவது வருஷம்.

எங்க மேசையில வழக்கம் என்னன்னா, தள்ளி வச்ச பாட்டிலயும் தட்டுலேர்ந்து எடுக்க மாட்டாங்க. சீட்டோட அப்பிடியே நிக்கும், மத்தவங்க பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னு. வழக்கமா "மூடி சரியா ஒட்டல", "ஓரத்துல இடம் விடல" இப்பிடித்தான் இருக்கும். "கடையில் வாங்கியது"ன்னு நான் அதுவரைக்கும் பாத்ததில்ல. வியாழக்கெழமை மத்தியானத்துக்குள்ள கவுண்டியே அதப் படிச்சிடுச்சு. லவான் அதுக்குள்ள புருஷன்கிட்ட சொல்லியாச்சு. ஆலையில எமெட் உக்கார்ற ஸ்டூல்மேல யாரோ கடை ஜெல்லி பாட்டில் ஒண்ணு வச்சு, "உன் பொண்டாட்டி அனுப்பினா"ன்னு சிரிச்சிருக்காங்க. மேஸ்திரி சிரிக்கல. "பாட்டில் விஷயத்துலயே ஊர ஏமாத்தறவங்க வீட்டுக்குக் கிடங்குச் சாவிய எப்பிடிக் குடுக்கறது? திங்கக்கெழமை சொல்றேன்"னுட்டாராம்.

மூணு மணிக்கு கோராலீ வந்தா. தட்டுக்கு நேராப் போய் சீட்டப் படிச்சா. ரெண்டாந்தரம் படிச்சா. அழுவா, கத்துவான்னு சுத்தி நின்னவங்க பாத்துட்டிருந்தாங்க. லவான் கையில இருந்த எலுமிச்ச ஜூஸ உறிஞ்சறதக்கூட நிறுத்திட்டா.

கோராலீ வெர்லீன் முன்னாடி வந்து நின்னா. "மேடம், இந்தச் சீட்டுல இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தானே எழுதினேன்."

"நீங்க எழுதினீங்கன்னு தெரியுது. உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

வெர்லீன் கண்ணாடியக் கழட்டி மேசைமேல வச்சா. அவள அப்பிடி நான் பாத்ததே இல்ல.

"எங்க வீட்ல இன்னும் கொஞ்சம் ஆப்பிள் இருக்கு மேடம். இன்னிக்கு வேகவச்சு சொட்ட விடறேன். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. அடுப்ப மூட்டறதுலேர்ந்து மூடி போடற வரைக்கும் நில்லுங்க. அப்பறம் இந்தச் சீட்டு இருக்கட்டும், கிழிச்சுப் போடுங்க, உங்க இஷ்டம். எங்க வீட்டுக்காரருக்குத் திங்கக்கெழமை வரைக்கும்தான் டைம்."

அவ போனதும் லவான் சொன்னா, "போகாதீங்க வெர்லீன். பக்கத்து ஊர் கடையிலேர்ந்து புதுசா வாங்கி, ஊத்திக் காட்டுவா."

வெர்லீன் அவளப் பாக்கல. என்னப் பாத்தா. "நாளைக்கு நீ வண்டி ஓட்டு ஆர்டிஸ்."

வெள்ளிக்கெழமை போனோம். எனக்கு இன்னும் சந்தேகம்தான், மறைக்க மாட்டேன். வாசல்லயே குப்பைத் தொட்டிய எட்டிப் பாத்தேன், கடை பாட்டில் மூடி ஏதாவது கெடக்குதான்னு. ஆப்பிள் தோலும் காம்பும்தான் கெடந்துச்சு. அதையும் நான் நம்பல. வேணும்னே மேலாகப் போட்டிருப்பான்னு நெனச்சேன்.

கோராலீ எங்கள உக்காரச் சொல்லல. "பின்னாடி வாங்க, சீக்கிரம் நுழைங்க"ன்னு அதே பின்கதவத் தொறந்தா. நாங்க நுழைஞ்சதும் படக்குனு சாத்தினா.

பின்தாழ்வாரம் வலைக் கம்பி போட்டது. நடுவுல ஒரு மரஸ்டூலத் தலைகீழாக் கவுத்து வச்சிருந்தா. நாலு கால்லயும் ஒரு தலையணை உறையோட நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருந்துச்சு. அடியில பாத்திரம் கழுவற பேசின். உறைக்குள்ள வெந்த பழம். அடியிலேர்ந்து ஒரு சொட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு சொட்டு. வலைக்கு வெளியில குளவி மொய்ச்சுக்கிட்டு நின்னுச்சு.

"கதவு ஒரு இஞ்ச் தொறந்தாலும் உள்ள வந்துடும் மேடம்"னு என்னப் பாத்துச் சொன்னா. "அன்னிக்கு நீங்க வந்தப்போ ரெண்டு கொட்டிடுச்சு, இங்க."

கணுக்கால்ல இன்னும் தழும்பு இருந்துச்சு.

வெர்லீன் குனிஞ்சு உறையத் தொட்டா. "தலையணை உறையா?"

"எங்க கல்யாணத்துக்கு வந்தது. வெட்டிப் பை தைக்க மனசு வரல, அப்பிடியே கட்டிட்டேன். அன்னிக்கு வரிசையில எல்லார் முன்னாடியும் தலையணை உறையில வடிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உங்க ஊர்ல எல்லாரும் ஆணியில தொங்கற பை வச்சிருக்கீங்க."

"நீ சொல்லியிருக்கணும்."

"நீங்க இன்னொரு தடவ கேட்டிருக்கணும் மேடம்."

சமையலறைக்கு வந்தோம். கோராலீ சாறை ஒரு சாதாரண சட்டியில ஊத்தி அடுப்புல வச்சா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் காய்ச்சுவாளாம், ஒரு தடவைக்கு ரெண்டு பாட்டில். அதுக்கு எதுக்குப் பெரிய பானை? பதினஞ்சு பாட்டில் ஒரே மூச்சுல காய்ச்சற எனக்கு அது தோணவே இல்ல பாருங்க.

சக்கரையப் போட்டா. நுரை எடுத்தா. நான் அவ கைய விடாம பாத்துட்டே இருந்தேன், எங்கேயாவது எதையாவது மாத்தறாளான்னு. ஒண்ணும் இல்ல. அவபாட்டுக்குக் கிண்டினா. வெர்லீன் கரண்டிய வாங்கி, மொண்டு, சரிச்சுப் பாத்தா. முதல்ல ரெண்டு சொட்டாத் தனித்தனியா விழுந்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாத்தா, ரெண்டு சொட்டும் சேந்து ஒரே தகடா வழுக்கி விழுந்துச்சு. அதுதான் பதம்.

"எறக்கு"ன்னா வெர்லீன்.

"தெரியும் மேடம்"னா கோராலீ. அதுக்குள்ள எறக்கியாச்சு.

எனக்கு நெத்தி வேர்த்து ஊத்துச்சு. "கொஞ்சம் தண்ணி தர்றியாம்மா?"ன்னேன். குடுத்தா. வாங்கிக் குடிக்கறேன், பாதியில கையப் பாத்தா, கடை ஜெல்லி பாட்டில். லேபிள் சுத்தமா உரிச்சு, கழுவி, தம்ளரா ஆக்கியிருந்தா. மேடையில மத்த அஞ்சும் அப்பிடியே கவுத்து வச்சிருந்துச்சு. எங்க வீட்ல எட்டு இருக்கு. மெர்ல் தினம் காலையில அதுலதான் பால் குடிக்கறார். இந்த ஊர்ல அது இல்லாத வீடு ஒண்ணு காட்டுங்க. அதையேதான் அவ வீட்ல பாத்துட்டு நான் போய்ச் சொல்லியிருக்கேன்.

தம்ளரத் தொட்டியில வச்சேன். சத்தம் வராம வைக்கப் பாத்தேன், வந்துச்சு.

கோராலீ மூடி போட்டு முடிச்சு கையத் தொடைச்சா. "ஒரு விஷயம் சொல்லணும். யார் சொன்னாங்கன்னு நீங்க சொல்ல வேணாம் மேடம்"னு வெர்லீன்கிட்ட சொல்லிட்டு, என் பக்கம் திரும்பினா. "இந்த ஊருக்கு வந்து ஆறு வாரம் ஆச்சு. என் சமையலறைக்குள்ள வந்த ஒரே ஆள் நீங்கதான்."

கோவமாச் சொல்லியிருந்தா நானும் ஏதாவது எகிறியிருப்பேன். அவ விலைவாசி பேசற மாதிரி சொன்னா.

வண்டி ரயில்வே கேட் தாண்டினதும் வெர்லீன் சொன்னா, "நீ பாத்தேன்னு சொன்னது பாட்டில. நெனச்சது திருட்டு. ரெண்டையும் ஒரே மூச்சுல குடுத்தே. நானும் வாங்கி முழுங்கினேன்."

"நான் பொய் சொல்லலையே வெர்லீன்."

"சொல்லல. அஞ்சாவது ரிப்பனும் உனக்கு வந்துச்சு."

சுருக்குனு இருந்துச்சு. "அப்ப, அவமேல எனக்குப் பொறாமைன்னு சொல்றீங்களா?"

"எந்தப் பொறாமை? அவகிட்ட இருக்கறது நமக்கு இல்லையேன்னு வயிறெரிஞ்சா என்வி. நம்மகிட்ட இருக்கறத அவ தட்டிட்டுப் போயிடுவாளோன்னு காவல் காத்தா ஜெலஸ். உனக்கு எது?"

"வண்டிய நிறுத்தி உங்கள எறக்கி விடட்டுமா?"

"எறக்கி விடு. அப்பவும் எதுன்னு உனக்குத் தெரியணும்."

நான் எறக்கி விடல. வீட்டு வாசல் வரைக்கும் யோசிச்சேன். "ரெண்டும்"னேன்.

"ம்"னா. எறங்கப் போனவ, கதவப் புடிச்சுக்கிட்டே நின்னா. "நீ பேசினே. ஊர்ல எல்லாரும்தான் பேசறாங்க. எழுதினது என் கை ஆர்டிஸ். எனக்கு டவுட் இருந்துச்சுன்னா 'சந்தேகம், விசாரிக்கணும்'னு எழுத அந்தக் கோட்டுல இடம் இருந்துச்சு. முப்பது வருஷம் அப்பிடித்தான் டைப் அடிச்சேன். பொண்டாட்டிய அடிச்சேன்னு அவனே ஒத்துக்கிட்டவனுக்குக்கூட 'அடித்ததாகச் சொல்லப்படுகிறது'ன்னுதான் போட்டேன். ஒரு புளிப்பு ஆப்பிள் பாட்டிலுக்குப் போய்..."

மீதியச் சொல்லாம உள்ள போயிட்டா.

சனிக்கெழமை நாலு மணி. பாட்டில எடுக்க எல்லாரும் வந்தாச்சு. லவான், நான், இன்னும் பத்துப் பதினஞ்சு பேர். வெர்லீன் ஒருத்தருக்கும் பாட்டில் குடுக்கல. "நில்லுங்க"ன்னா. கோராலீ வர்ற வரைக்கும் நிக்க வச்சா.

கோராலீயோட பாட்டில நடுவுல எடுத்து வச்சா. சீட்டுல இருந்த "கடையில் வாங்கியது" மேல குறுக்க ஒரு கோடு. கீழ எழுதினா. எழுதினத சத்தமாப் படிச்சா.

"இதை இவரே செய்தார். செய்ததை நான் நின்று பார்த்தேன். முன்பு எழுதியது என் மிஸ்டேக். வெர்லீன் ஹாவர்காம்ப்."

லவான் "சரி, முடிஞ்சுதா? எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டணும்"னா.

கோராலீ சீட்டப் பாத்துட்டே நின்னா. விரல அந்த வார்த்தைமேல வச்சா. "இது மிஸ்டேக்கா மேடம்?"

"வேற எப்பிடிச் சொல்றது?"ன்னு லவான்.

"எனக்கு உங்களவுக்குப் படிப்பு கிடையாது. தெரியாமப் பண்ணினா மிஸ்டேக். சக்கரைக்குப் பதிலா உப்பப் போட்டா மிஸ்டேக். இவங்களுக்குத் தெரியாதுங்கறது இவங்களுக்கே தெரியும். தெரிஞ்சேதான் எழுதினாங்க."

வெர்லீன்கிட்ட வார்த்தைய சரி பண்ணச் சொன்னவங்க யாரும் அதுவரைக்கும் இல்ல. நான் அவ மூஞ்சியப் பாத்தேன். கோவம் வரும்னு நெனச்சேன். கழுத்து செவந்துச்சு, அவ்வளவுதான்.

"சரியாத்தான் சொல்றே"ன்னா.

மிஸ்டேக்க அடிச்சா. பக்கத்துல "அநியாயம்"னு எழுதினா. மறுபடி முழுசா, மொதல்லேர்ந்து சத்தமாப் படிச்சா. அந்த வார்த்தையையும் முழுங்கல. சீட்டக் கழட்டி கோராலீ கையில குடுத்தா. "உன் வீட்டுக்காரர்கிட்ட குடு. ஆலையில யார் கேட்டாலும் காட்டச் சொல்லு. நம்பலன்னா என் வீட்டுக்கு வரச் சொல்லு."

அப்பறம் மேசை டிராயரைத் தொறந்து பேனாவையும் விதிப் புஸ்தகத்தையும் எடுத்து லவான் முன்னாடி வச்சா. "பொருட்காட்சி நடத்தறவங்ககிட்ட அடுத்த வருஷத்துக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு. அநியாயமா எழுதினவங்களுக்கு இந்த மேசையில இடம் இல்ல. எனக்கு ஒத்தாசையா இருந்த ரெண்டு பேர இதுக்காகவே நான் முன்னாடி அனுப்பியிருக்கேன். எனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"ஐயோ வெர்லீன், இதுக்குப் போயா!"ன்னா லவான். உண்மையாவே பதறிட்டா. கவுண்டியில வேற யாருக்கு ஜாமுக்கும் ஜெல்லிக்கும் வித்தியாசம் தெரியும்?

"உனக்குத் தெரியாதா? அப்ப ஏன் இருபது வருஷமா எல்லாத்தையும் தப்புத் தட்டுல கொண்டு வர்றே?"ன்னு கேட்டுட்டு மேசைக்குப் பின்னாடிலேர்ந்து எங்க பக்கம் வந்தா.

நான் என் ரிப்பனக் கழட்டினேன். எனக்கு நல்ல வார்த்தையா எதுவும் வராது, நேராப் போய் கோராலீகிட்ட நீட்டினேன். "இத எடுத்துக்கோ."

"வேணாம். அது உங்க ஜெல்லிக்குக் குடுத்தது."

"உன்னுத யாரும் ருசியே பாக்கலையே."

"ஆமா. அதனாலதான் சொல்றேன், நீங்களே வச்சுக்கோங்க. உங்களுது நல்லா இருந்து கெடச்சுதா, என்னுது ஓரத்துல நின்னதால கெடச்சுதான்னு அத எடுத்துப் பாக்கறப்பல்லாம் உங்களுக்குத் தோணட்டும்."

அழுத்தக்காரி. மிசௌரியில இப்பிடியா வளக்கறாங்க?

கைப்பையிலேர்ந்து ஒரு பாக்கெட் உப்பு பிஸ்கட் எடுத்தா. வரும்போதே முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கா. பாட்டில் மூடிய நெம்பினா, டப்புனு சத்தம் வந்துச்சு. ஒவ்வொரு பிஸ்கட்லயும் கொஞ்சம் வச்சு வரிசையா நீட்டினா. முதல்ல யாரும் வாங்கல. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. "கடை ருசிதான் அடிக்கும் பாரு"ன்னு பின்னாடி ஒருத்தி முணுமுணுத்தது என் காதுல விழுந்துச்சு. வெர்லீன் வாங்கினா. நின்னுக்கிட்டே தின்னா. விரல நக்கினா, வெர்லீன் ஹாவர்காம்ப் பொது எடத்துல விரல நக்கினா! அப்பறம் எல்லாக் கையும் நீண்டுச்சு.

லவான் ரெண்டு தின்னா. மூணாவது வாங்கறப்போ, வேற எங்கயோ பாத்துக்கிட்டு, "எமெட்ட திங்கக்கெழமை அரைமணி முன்னாடி வரச் சொல்லு. சாவி மூணு இருக்கு, எது எதுன்னு எங்க வீட்டுக்காரர் காட்டணும்"னா.

கோராலீ "சரிங்க மேடம்"னா.

கடைசியா எனக்கு நீட்டினா. வாயில போட்டேன். புளிப்பு முன்னாடி வந்துச்சு, இனிப்பு பின்னாடி வந்துச்சு, பழ வாசனை போகவே இல்ல. என்னோடதுல சக்கரைதான் முன்னாடி நிக்கும், அது எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும். ரிப்பனச் சுருட்டி கவுன் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, கூச்சப்படாம இன்னொண்ணு குடுன்னு கைய நீட்டினேன்.